பினாங்கில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை: வானத்தைப் பார்த்து ஏர்கோன் அளவை மாற்றுங்கள்

கோயம்புத்தூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிறவர்களில் பலர், வாடகை வீட்டின் சாவி கைக்கு வந்த அன்றே ஏர்கோனை, அதாவது ஊரில் நாம் ஏசி என்பதை, 18 டிகிரியில் வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரி மாத இறுதியில் இங்கு வந்து இறங்கிய நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆறு வாரம் கழித்து, கீழே விழுந்த காதணி ஒன்றைத் தேடுவதற்காக அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பின்பலகை முழுவதும் சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கதவைத் திறந்து பார்த்தால், உள்ளே மடித்து வைத்திருந்த என் மனைவியின் கூறைப்புடவையில் ஒவ்வொரு மடிப்பின் ஓரத்திலும் வெள்ளைப் புள்ளிகள். விரல் வைத்தால் மாவைப் போல ஒட்டிக்கொண்டு வந்தன. அந்த இழப்பு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பருவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை இங்கு வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அது கொண்டுவரும் பெருமழையின் பெரும்பகுதியைக் கிழக்குக் கரை மாநிலங்கள் வாங்கிக்கொள்கின்றன. நடுவே நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் மேற்குக் கரையை மறைத்துக்கொள்வதால், பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் ஆண்டிலேயே வறண்ட மாதங்களாக இருக்கும். தைப்பூசத்தன்று வெறுங்காலுடன் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடப்பவர்களுக்கு அந்தத் தார்ச்சாலையின் சூடு நன்றாகவே தெரியும். மார்ச் மாதத்தின் பிற்பாதியில் இந்தக் காற்று ஓய்ந்துவிடும்; தென்மேற்குக் காற்று தொடங்க மே இறுதியாகும். இடைப்பட்ட வாரங்களில் காற்றுக்குத் திசையும் இல்லை, வேகமும் இல்லை. காலை முழுவதும் வெயில் காயும், மூன்று நான்கு மணிக்கு மலைப்பக்கம் மேகம் கறுக்கும், பிறகு இடியுடன் கொட்டித் தீர்க்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் பினாங்குக்கு நேர் உச்சியில் வந்து நிற்பதால், கூரைக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள் படும் பாடு தனி. நாட்டின் உச்ச வெப்பமான 40.1 டிகிரி பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் பதிவானதும் ஓர் ஏப்ரலில்தான், 1998ஆம் ஆண்டு 9ஆம் தேதி. ஆகவே பிப்ரவரியில் ஒருவாறு பழகிக்கொண்ட முறை மார்ச் இறுதியில் பொருந்தாது. ஏப்ரலில் அது ஒரே நாளுக்குள்கூடப் பொருந்தாமல் போகும்.

கடிகாரத்தையும் நம்ப வேண்டாம். 1982ஆம் ஆண்டு முதல் தீபகற்ப மலேசியா, கிழக்கே போர்னியோ தீவிலுள்ள சபா, சரவாக் மாநிலங்களுடன் ஒரே நேரத்தைக் கடைப்பிடிப்பதால், பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அன்று, ஒன்றரை மணியை ஒட்டி. நம் ஊர்க் கணக்கில் மூன்று மணியோடு கடுமை குறைந்துவிடும் என்று எண்ணி மேற்கு ஜன்னலின் திரையை விலக்கினால், இங்கே அப்போதுதான் வெயில் முற்றியிருக்கும். சூரியன் மறையவே ஏழரை ஆகும் என்பதால், மேற்கு பார்த்த காங்கிரீட் சுவர் அதன் பிறகும் இரவு ஒன்பது பத்து மணி வரை சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். வீடு பார்க்கப் போகும்போது காலையில் போகாமல் மாலை ஐந்து மணிக்குப் போய், படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தரகர் சொல்லாததை அந்தச் சுவர் சொல்லிவிடும்.

இனி, எங்கள் அலமாரிக்கு நேர்ந்தது என்ன என்பதற்கு வருகிறேன். காற்றிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்று பள்ளியில் படித்திருப்போம். கோயம்புத்தூரில் ஒரு பிப்ரவரி பிற்பகலில் வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், பனிநிலை 12 டிகிரியை ஒட்டி இருக்கும். வீட்டுக்குள் எந்தச் சுவரும் அவ்வளவு குளிராது, ஆகவே எதுவும் நனையாது. பினாங்கில் அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 65 விழுக்காடு என்றால் பனிநிலை 24.5 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. மாலை மழைக்குப் பின் வெப்பம் 25 டிகிரிக்கு இறங்கி, ஈரப்பதம் 95 விழுக்காட்டுக்கு ஏறினாலும் பனிநிலை ஏறக்குறைய 24 டிகிரியிலேயே நிற்கும். நம் உடலுக்கு வெயிலும் மழையும் வேறு வேறாகத் தெரிந்தாலும், காற்றிலிருக்கும் நீரின் அளவு பெரும்பாலும் மாறுவதில்லை. நாங்கள் இரவெல்லாம் அறையை 18 டிகிரிக்குக் குளிர வைத்து, காலை ஏழு மணிக்கு ஏர்கோனை நிறுத்தி, நல்ல காற்று வரட்டும் என்று ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனோம். வெளிக்காற்று உள்ளே வந்து, குளிர்ந்து கிடந்த சுவர், தரை, கண்ணாடி எல்லாவற்றிலும் ஈரமாகப் படிந்தது. தரையும் கண்ணாடியும் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிட்டன. அலமாரிக்குப் பின்னால் காற்றோட்டமே இல்லாததால் அங்கே மட்டும் ஈரம் தங்கியது, நாள்தோறும் தங்கியது.

ஏர்கோனை 25 அல்லது 26 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் மின்கட்டணம் மட்டுமன்று. அந்த அளவு பெரும்பாலும் பனிநிலைக்கு மேலே நிற்பதால், மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தாலும் சுவர் வேர்க்காது. 26 டிகிரி உங்களுக்குப் போதவில்லை என்றால் மேலே சுழலும் விசிறியைச் சேர்த்துப் போடுங்கள். இங்குள்ளவர்கள் அதைக் காற்றாடி என்பார்கள். காற்றாடி அறையைக் குளிர்விப்பதில்லை, உடம்பின் வியர்வையைத்தான் உலர்த்துகிறது. ஆனால் உறக்கத்துக்கு வேண்டியதும் அதுதான். ஆகவே குளிருக்காக அதை ஆளில்லாத அறையில் ஓட விடுவதால் ஒரு பயனும் இல்லை.

மழை பெய்யும் மாலைகளில்தான் முடிவெடுப்பது கடினம். வெளியே சில நிமிடங்களில் 33 டிகிரியிலிருந்து 25க்கு இறங்கிவிடும். வீட்டுக்குள்ளோ சுவரின் சூட்டால் இன்னும் 30 டிகிரி இருக்கும். பகலில் ஏர்கோன் போடாத கூடமாக இருந்தால், சாரல் நின்றதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, காற்றாடியையும் ஓட விடுங்கள். சுவர் பனிநிலையைவிடச் சூடாக இருப்பதால் ஈரம் படியாது, இரண்டு மூன்று மணி நேரத்தில் சுவரின் சூடும் இறங்கிவிடும். அன்றிரவு ஏர்கோன் தேவைப்படாமலேகூடப் போகலாம். ஏற்கெனவே நன்றாகக் குளிர வைத்த படுக்கையறையாக இருந்தால், வெளியே எவ்வளவு இதமாக இருந்தாலும் அந்த ஜன்னலைத் திறக்க வேண்டாம். மேல் மாடியில் குடியிருந்த ஓர் அம்மா முதல் ஆண்டே எனக்குச் சொன்னார்: “தம்பி, கூலா இருக்கிற ரூம்புக்கு வெளிக்காத்து ஆகாது. ஏர்கோன அடைச்சிட்டு, கதவ மட்டும் தொறந்து, காத்தாடிய ஒரு மணி நேரம் ஓட விடுங்க. அதுக்கப்புறம் ஜன்னலத் தொறங்க.” பனிநிலை என்ற சொல்லை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, ஆனால் நான் எண்களைக் கொண்டு விளக்கியதையெல்லாம் அவர் நாற்பது ஆண்டு இல்லற அனுபவத்தில் அறிந்து வைத்திருந்தார்.

ஜன்னல் திறக்கும் அந்த நேரம் கொசு வரும் நேரமும்கூட. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு விடியலிலும் அந்தி நேரத்திலும்தான் மிகுதியாகக் கடிக்கும், ஆகவே வலை அடிக்காத ஜன்னலைத் திறக்காதீர்கள். ஏர்கோனின் வடிநீர் விழ வைத்த வாளியை இரண்டு நாளைக்கு ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் முட்டை கொசுவாகிவிடும்.

ஏப்ரல் முதல் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். சுமத்ராவின் பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் புயல்மழை விடியற்காலையில் திடீரென்று அடிக்கும். மேற்கு பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவர்கள், அதன் அருகே கட்டிலையோ மடிக்கணினியையோ வைக்காதிருப்பது நல்லது. இடி மிகுந்த மாலைகளில் ஏர்கோனின் சுவிட்சை அணைத்து, இணையப் பெட்டியின் பிளக்கை எடுத்துவிடுங்கள். மின்சாரம் டிரிப் ஆகி வீடு இருண்டால் பதற வேண்டாம்; இடி ஓய்ந்த பின் மின்பெட்டியில் இறங்கியிருக்கும் விசையை ஏற்றினால் போதும். ஏற்ற ஏற்ற மீண்டும் இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். ஊரில் டன் கணக்கில் கேட்டுப் பழகியிருப்பீர்கள். இங்கே எச்பி (குதிரைத்திறன்) கணக்கு. ஒரு மணி நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தைப் பிடியூ என்ற அலகில் சொன்னால், 1 எச்பி என்பது 9,000 பிடியூ, ஒன்றரை எச்பி என்பது 12,000 பிடியூ. அதாவது நம் ஊரின் 1 டன் இங்கே ஒன்றரை எச்பி. சுமார் 120 சதுர அடி படுக்கையறைக்கு 1 எச்பி போதும். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 2 எச்பி மாட்டினால், அது பத்து நிமிடத்தில் அறையைக் குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள நீரைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. அறை குளிர்ந்தும் பிசுபிசுவென்றிருக்கும். மழை நாட்களில் ரிமோட்டில் நீர்த்துளி படமுள்ள பொத்தானை அழுத்துங்கள். அது குளிரைக் குறைத்து, ஈரத்தை எடுப்பதில் கவனம் செலுத்தும். ஊரிலிருந்து ஏர் கூலர் கொண்டுவர நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கருவி அது. ஏற்கெனவே நீர் நிறைந்த காற்றில் அதனால் பாதி வேலைகூடச் செய்ய முடியாது, அறையின் ஈரத்தைத்தான் கூட்டும்.

பராமரிப்பில் நான் ஏமாந்த கதையும் உண்டு. சர்விஸ் செய்ய வந்தவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி நிரப்பிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு முறை கொடுத்தேன். குளிரூட்டும் வாயு வண்டிக்குப் போடும் பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள், அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். மூன்றாம் முறை வேறொருவரை அழைத்தேன். அவர் வெளிப்பெட்டியில் குழாய் சேரும் நட்டில் சோப்பு நுரையைத் தடவினார். சிறு குமிழிகள் கிளம்பின. நட்டைக் கழற்றிக் குழாயின் வாயைச் சரிசெய்து மாட்டினார். அதன் பிறகு அந்த ஏர்கோனுக்கு வாயு நிரப்பியதே இல்லை. வடிகட்டித் தகட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே குழாய் நீரில் கழுவிவிடலாம். சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்தைய வாரங்களில் சர்விஸ் ஆள் கிடைப்பது அரிது, ஆகவே முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் இந்தச் செலவு குடியிருப்பவர் தலையில்தான் விழும் என்பதால், கையெழுத்திடும் முன் அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

வறண்ட பிப்ரவரி நாட்களில் எங்காவது புதர் எரிந்து புகை மூட்டம் வந்தால், காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டும் வரை காத்திராமல் ஜன்னலை அடைத்துவிடுங்கள். சுவரில் மாட்டும் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறைக்காற்றையே சுழற்றுகிறது. ஆகவே அந்த நாட்களில் தயங்காமல் போடலாம்.

ஈரத்துணியை ஏர்கோன் அறையில் காயப்போட வேண்டாம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பட்டுப்புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றி வையுங்கள். கடையில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்டை இங்கு அப்படித்தான் சொல்வார்கள்) ஈரப்பதமானி கிடைக்கும். அதைக் கூடத்தில் அழகுக்கு மாட்டாமல் அலமாரிக்குள் வைத்து, காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பாருங்கள். எண் 70ஐத் தாண்டியிருந்தால் அன்று அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, அதை நோக்கி ஒரு மேசை விசிறியை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள்.