முதல் இருக்கை, முதல் கோப்பு: புதிய இளநிலை உதவியாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொகுதி 4 தேர்வில் வென்று, நியமன ஆணையுடன் வட்டாட்சியர் அலுவலகத்துக்குள் நுழையும் இளநிலை உதவியாளர், தேர்வுக்குப் படித்தவற்றில் மிகச் சிலவே மேசைமேல் கிடக்கும் கோப்புகளுக்கு உதவும் என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்துவிடுகிறார். அந்தத் திகைப்பு இயல்பானது. அதை மறைக்க முயலும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

பொறுப்பேற்கும் நாளில், முன்பிருந்தவர் மாறுதலில் செல்லும் அவசரத்தில் இருப்பார். அவர் நீட்டும் ஒப்படைப்புப் பட்டியலில், கோப்புகளை எண்ணிப் பாராமல் கையொப்பமிட்டுவிட்டால், காணாமற்போன கோப்புக்குப் பின்னாளில் விளக்கம் எழுத வேண்டியவர் நீங்கள்தான். தன்பதிவேட்டில் (உங்கள் இருக்கைக்கு வரும் தபால்களையும் அவற்றின் மீதான நடவடிக்கையையும் குறிக்கும் பதிவேடு) முடிவுறாமல் நிற்கும் ஒவ்வொரு ந.க. எண்ணுக்கும், அதாவது கோப்பை அடையாளம் காட்டும் எண்ணுக்கும், கோப்பு கையில் உள்ளதா என்று ஒப்பிட்டு, இல்லாதவற்றைப் பட்டியலின் அடியிலேயே குறித்து, இருவரும் கையொப்பமிடுங்கள். மூத்தவரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இதைவிடக் கடுமையான தவறு, புரியாத தபாலை இழுப்பறைக்குள் வைப்பது. யாரிடம் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சத்தில் ‘நாளை பார்க்கலாம்’ என்று ஒதுக்கிய தாள், தன்பதிவேட்டில் ஏறாதவரை அலுவலகத்தின் கணக்கிலேயே இல்லாத தாள். அது தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் வந்த மனுவாக இருக்கலாம். பெறப்பட்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டிய அதில், உங்கள் கூச்சத்துக்கே பத்து நாள்கள் போயிருக்கும். நீதிமன்றம் கெடு விதித்த உத்தரவாகவும் இருக்கலாம். முதியோர் ஓய்வூதியம் கேட்டு ஒரு மூதாட்டி எழுத்துக்கூலி கொடுத்து எழுதுவித்த மனுவாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், மற்ற இரண்டையும்விட அதற்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும், ஏனெனில் தாமதத்தைக் கேட்டு நினைவூட்டு அனுப்ப அவருக்கு யாரும் இல்லை. எனவே புரிந்தாலும் புரியாவிட்டாலும், வந்த அன்றே பதிவு செய்யுங்கள்.

பிறகு கேளுங்கள், ஆனால் வெறுங்கையுடன் போய்க் கேட்காதீர்கள். அதே பொருளில் முன்பு முடிந்த கோப்பைப் பதிவறையிலிருந்து எடுத்துப் படித்து, தெரிந்த அளவில் ஒரு வரைவு எழுதிக்கொண்டு துணை வட்டாட்சியரிடம் சென்றால், அவர் திருத்தும் ஒவ்வொரு வரியும் உங்களுக்குப் பாடமாகும். பழைய குறிப்பை அப்படியே படியெடுப்பது மட்டும் கூடாது, இடையில் வந்த அரசாணை ஒன்று அந்த நடைமுறையையே மாற்றியிருக்கக்கூடும்.

ஊரார் கோப்புகளைப் பார்க்கும் மும்முரத்தில் தம் பணிப்பதிவேட்டை மறப்பவர்களும் உண்டு. பிறந்த தேதியில் பிழை இருந்தால், பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பணியில் நிலைபெறும் முன் கடக்க வேண்டிய தகுதிகாண் பருவம், தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுப் பணிக்காலம். நீண்ட விடுப்பு நாள்கள் அதில் சேரா. பவானிசாகரில் உள்ள அரசுப் பயிற்சி நிலையத்தின் அடிப்படைப் பயிற்சிக்கு அழைப்பு வரும்போது, வேலைப் பளுவைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள்.

விடை தெரியாத நிலையில் மனுதாரரிடம் “நாளைக்கு வாங்க” என்று சொல்வதையும் முதல் நாளிலிருந்தே தவிர்க்க வேண்டும். அவர் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குச் செலவழித்து வந்திருப்பார். “அம்மா, கொஞ்சம் உட்காருங்கள், கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கேளுங்கள்.