பல் பிடுங்க வருபவரின் கிளினிக் கொப்பி

பல் பிடுங்க வருபவரிடம் பல் டொக்டர் "வேறு வருத்தம் ஏதும் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை டொக்டர்" என்பதுதான் வழமையான பதில். பிரஷருக்கும் சீனிக்கும் வருடக்கணக்கில் குளிசை போடுபவர்கூட, எல்லாம் கட்டுப்பாட்டில் இருப்பதால், தனக்கு வருத்தம் இல்லை என்றே நினைக்கிறார். முதல் தவறு அந்தக் கேள்வியில்தான். "தினமும் என்னென்ன குளிசை போடுறீங்க?" என்று கேளுங்கள், கிளினிக் கொப்பியையும் வாங்கிப் பாருங்கள். கொழும்பில் ஒருவர் இதயத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்கும், சிறுநீரகத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரிக்கும், பல்லுக்கு வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பக்கத்திலும் போவது சாதாரணம். ஒரு டொக்டர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

இதில் அதிகம் பயப்பட வேண்டியது இரத்தம் கட்டியாகாமல் இருக்கப் போடும் வார்ஃபரினும், மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோடிக்கும் சேருவது. முரசு வீங்கினால் அமொக்ஸிசிலினோடு மெட்ரோனிடசோலையும் கை தானாக எழுதிவிடும். ஈரல் வார்ஃபரினைச் சிதைப்பதை மெட்ரோனிடசோல் தடுப்பதால் சில நாட்களில் ஐ.என்.ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) ஏறி, இரத்தம் நிற்காமல் போகலாம். தவிர்க்க முடியாவிட்டால் வார்ஃபரின் கிளினிக்குக்குத் தெரிவித்து, ஐ.என்.ஆரை இடையில் பார்க்க வேண்டும். இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு: பல் பிடுங்குவதற்காக நோயாளி தானாகவே வார்ஃபரினை நிறுத்துவது. செயற்கை இதய வால்வு உள்ளவருக்கு அதில் இரத்தக்கட்டி உண்டாகலாம். ஐ.என்.ஆர் 4க்குக் கீழே இருந்தால், சாதாரணமாக ஒரு பல்லைப் பிடுங்கி, தையல் போட்டு, கோஸ் வைத்து அழுத்தியே சமாளிக்கலாம்.

பெனிசிலின் ஒவ்வாமை என்றதும் கிளாரித்ரோமைசின் என்ற வேறு அன்டிபயோடிக்குக்குத் தாவுவது அடுத்த பொறி. என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள்; வயிற்றோட்டம் மட்டும் ஒவ்வாமை ஆகாது. எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் கொழுப்புக்குப் போடும் சிம்வாஸ்டட்டினோடு சேர்ந்தால், அதைச் சிதைக்கும் ஈரல் நொதி தடைப்பட்டு, தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். அதே ஈரல் நொதிதான் பயம் போக அரைமயக்கம் தரும் மிடசோலத்தையும் சிதைக்கிறது. ஆகவே இந்த அன்டிபயோடிக்குகளைப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு வழக்கமான அளவு மிடசோலம் கொடுத்தால் மயக்கம் ஆழமாகி நீளும். வாய்ப் பூஞ்சைக்குப் போடும் ஃபுளுகொனசோலும், இதயத்துக்குப் போடும் டில்டியாசெமும் இப்படித்தான். அசித்ரோமைசினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு அதிலும் கவனம் வேண்டும்.

பயம் போக டயசிபாம் கொடுப்பதைச் சின்ன விஷயமாக எடுக்கிறார்கள். வயதானவரின் உடம்பில் அது நாட்கணக்கில் தங்கும். பலமாகக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நிற்பவர், நாட்பட்ட நுரையீரல் நோயாளி, நோவுக்கு டிரமடோல் போடுபவர் ஆகியோருக்கு மூச்சே மந்தமாகலாம். பல்ஸ் ஒக்சிமீட்டர், ஒக்சிஜன், மிடசோலத்தை முறிக்கும் ஃபுளூமசெனில், பயிற்சி பெற்ற இன்னொருவர் எல்லாம் இல்லாத அறையில் மிடசோலம் ஊசியைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. பிறகு நோயாளியைத் தனியே முச்சக்கரவண்டியில் ஏற்றி அனுப்பவும் கூடாது. சீனி வருத்தக்காரரை வெறும் வயிற்றில் வரச் சொன்னால், அன்று காலை சீனிக் குளிசையான கிளிக்லசைட்டை என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

இதயத்தில் ஏதோ பிரச்சினை என்றவுடன் எல்லோருக்கும் முன்கூட்டியே அன்டிபயோடிக் தேவையில்லை. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2021 அறிக்கையின்படி செயற்கை வால்வு, முன்பு வந்த எண்டோகார்டைட்டிஸ் (இதயத்தின் உட்சுவரில் கிருமித்தொற்று), சில பிறவிக் கோளாறுகள் போன்றவற்றுக்குத்தான்: அமொக்ஸிசிலின் 2 கிராம், 30 முதல் 60 நிமிடம் முன்பு. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்குக் கொடுத்துவந்த கிளிண்டமைசினை அதில் கைவிட்டுவிட்டார்கள்.

அப்புறம் சிறுநீரகம். எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று பழக்கத்தில் எழுதும் அமொக்ஸிசிலினை, சிறுநீரகம் மோசமாகப் பழுதானவருக்கு இடைவெளி கூட்டி எழுத வேண்டும். நோவுக்கு டைக்லோஃபெனாக் வேண்டாம், பனடோல் கொடுங்கள்.