காப்பட் ரோட்டின் இடது கரை: வீட்டு வானோடு புறப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு ஹையேஸ் வான் வந்து நின்றது. உயரக் கூரை வைத்த கேடிஎச் மாடல். தெரிந்த தம்பி ஒருவர் ஆறு மாதமாகப் பலகை அறுத்து, வயர் இழுத்து, கட்டில், அடுப்பு, சிங்க், குளிர்சாதனப் பெட்டி என்று ஒரு வீட்டையே அதற்குள் அடைத்திருந்தார். "எப்பிடி அண்ணா?" என்றார். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. குனிந்து பின் சில்லைப் பார்த்தேன். கார் டயர். பின்கதவோடு ஒட்டினாற்போல் நூறு லீற்றர் தண்ணீர்த் தாங்கி. முதல் பயணம் எங்கே என்று கேட்டேன். "திருகோணமலை. இரவு பத்துக்கு வெளிக்கிட்டா விடிய நிலாவெளி."

சில வருடங்களுக்கு முன் நானும் இதே கதைதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதே டயர், அதே தாங்கி, அதே நிலாவெளி. அன்றைக்கு எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது.

ஒயில் பார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடு, ஸ்பெயார் சில்லை மறக்காதே என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை மறக்கிறவர் வான் கட்டும் வேலையில் இறங்கியிருக்கவே மாட்டார்.

கார் டயர்

மெத்தென்று ஓடும், விலையும் குறைவு என்று போடுகிறார்கள். ஹையேஸுக்கு வரும் டயரில் 195 ஆர் 15 சி என்று இருக்கும். கடைசியில் நிற்கும் அந்த 'சி'தான் முக்கியம். பாரம் ஏற்றும் வாகனத்துக்கென்று பக்கச் சுவரைத் தடிப்பாகச் செய்த டயர் அது. "பதினாலு பேரை ஏத்தி ஓடின வான்தானே, ஒரு கட்டிலுக்கு என்ன வந்தது?" என்று கேட்பார்கள். பதினாலு பேரும் இறங்கிப் போய்விடுவார்கள். அலுமாரி இறங்காது. வான் வீட்டு வாசலில் நிற்கும்போதும் அந்தப் பாரம் டயரில்தான் நிற்கிறது.

பஞ்சிகாவத்தையில் பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். 3517 என்றால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. பூ, அதாவது ரோட்டில் படும் வெட்டு, புதிதாக இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்வார். ஓடாமல் கிடந்த டயரிலும் பூ புதிதாகத்தான் இருக்கும், ரப்பர் காய்ந்திருக்கும்.

தண்ணீர்த் தாங்கி பின்கதவோடு

நூறு லீற்றர் என்றால் நூறு கிலோ. அதைப் பின் அச்சுக்கு அங்கால் தொங்கவிட்டால் பின் ஸ்பிரிங் பிளேட் படிகிறது, முன்பக்கம் தூக்குகிறது, ஸ்டியரிங் லேசாகிறது. லேசாக இருந்தால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். முன் சில்லு ரோட்டைப் பிடிக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். பள்ளத்தில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் வால் தனியாக ஆடும். கிழக்கில் தாம்போதியில் ஏறி இறங்கும் இடங்களில் வால் நிலத்தில் உரசும்.

தாங்கி இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், தரையோடு தரையாக இருக்கவேண்டும். உள்ளே தடுப்புத் தகடு இருக்கவேண்டும். தடுப்பில்லாத தாங்கியை முழுக்க நிரப்புங்கள், இல்லாவிட்டால் வெறுமையாக்குங்கள். பாதித் தண்ணீர் ஒவ்வொரு முடக்கிலும் ஒரு பக்கமாக ஓடிப்போய் மோதும்.

ரோட்டுக் கரை

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2018 சித்திரை விடுமுறை. முன்னேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டுத்தான் திருகோணமலைக்குப் போகவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். சரி, சிலாபம் போய்க் கும்பிட்டு, அங்கிருந்து வாரியபொல பக்கம் குறுக்கே வெட்டி, பாதெனியவில் அநுராதபுர வீதியைப் பிடிப்பது என்று முடிவு. வழியெல்லாம் குழிக்குப் பயந்துகொண்டே ஓட்டினேன். நான் பயந்த இடத்தில் குழியே இல்லை. மட்டமாகத் தார் போட்ட கறுப்புக் காப்பட் ரோட்டு, நடுவில் வெள்ளைக் கோடு. காலைச் சற்று அமத்தினேன்.

எதிரே ஒரு தனியார் பஸ் லொறியொன்றை முந்திக்கொண்டு பாதி என் பக்கத்துக்குள் வந்துவிட்டது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், இடப்பக்கம் ஒதுங்கினேன். இடது சில்லுகள் இரண்டும் காப்பட்டை விட்டு இறங்கின. அரையடி இருக்கும். பஸ் போய்விட்டது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கேயே அது முடிந்திருக்கவேண்டும். நான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். ஏறவில்லை. இன்னும் ஒடித்தேன். ஏறியது.

ஏறிய கணத்தில் வான் எதிர்ப்பக்கத்துக்குப் பாய்ந்தது. பதறிப்போய் இடப்பக்கம் ஒடித்தேன். தாங்கியில் இருந்த தண்ணீர் மறுபக்கம் அடித்து வான் வள்ளம் மாதிரி ஆடியது. எதிரே அப்போது வாகனம் எதுவும் இல்லை. கும்பிட்டுவிட்டு வந்ததால்தான் தப்பினோம் என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பின் இடது டயரின் பக்கச் சுவர் கத்தியால் கீறியது போல் கிழிந்திருந்தது. முன் டயரில் மறுநாள் காலையில் முட்டையளவு வீக்கம். ரிம் நெளிந்து, அலைன்மென்ட் போய், மேல் அலுமாரி ஒன்று ஆணியோடு கழன்று அம்மாவின் காலடியில் கிடந்தது. அந்த மாதச் சம்பளம் அதோடு சரி.

நடந்தது இதுதான். காப்பட் விளிம்பு ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. சில்லு அதில் உரசிக்கொண்டு ஓடுகிறதே தவிர ஏறுவதில்லை. ஏறவில்லையே என்று நாம் மேலும் மேலும் ஒடிக்கிறோம். வான் நேராகப் போய்க்கொண்டிருக்கும், சில்லு மட்டும் நன்றாகத் திரும்பி நிற்கும். விளிம்பைத் தாண்டிக் காப்பட்டில் பட்டதும் பிடி திடீரென்று கிடைக்கிறது. சில்லு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதோ அந்தப் பக்கம் வான் பாய்கிறது. காருக்கும் இது நடக்கும். ஆனால் தலைக்கு மேல் அலுமாரியும் கூரையில் சோலர் தகடும் வைத்துக்கொண்டு ஓடுகிற வான் கவிழ அதிகம் தேவையில்லை. டயரின் இரும்புப் பட்டை பூவுக்குக் கீழேதான் இருக்கிறது, பக்கச் சுவரில் இல்லை. அங்கே கிழிந்தால் எந்த டயர் கடையிலும் ஒட்டித் தரமாட்டார்கள்.

கரை ஏன் இப்படி இறங்குகிறது? பழைய ரோட்டுக்கு மேலேயே அடுத்த காப்பட்டைப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ரோட்டு ஓரிரு அங்குலம் உயரும். பக்கத்தில் கொட்டிய ஏபிசி எனும் உடைகல்லும் கிரவலும் அப்படியே நிற்காது. மழை அரிக்கும், பஸ் நிறுத்தி ஆளேற்றும் இடத்தில் சில்லு தோண்டும், திரீவீலர்கள் அதிலேயே தடம் போடும். மறுபடி யாராவது நிரப்பும்வரை அது அப்படியேதான் கிடக்கும். அதனால் பழைய குண்டும் குழியுமான ரோட்டை விடப் பளபளவென்று கிடக்கும் ரோட்டில்தான் எனக்குப் பயம் அதிகம். குழி கண்ணுக்குத் தெரியும். கரை, அதில் இறங்கிய பிறகுதான் தெரியும். மழை நாளில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்று ரோட்டு மட்டத்துக்கே வந்துவிட்டால் அதுவும் தெரியாது.

இறங்கிவிட்டால் ஒன்றும் செய்யாதீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை அடித்து மிதிக்கவேண்டாம். ஒரு பக்கச் சில்லு கிரவலில், மறுபக்கம் காப்பட்டில் நிற்கிறது, மிதித்தால் வான் சுழலப் பார்க்கும். அரைவாசி கீழே, அரைவாசி மேலே என்று அசிங்கமாகவே ஓடிக்கொண்டு நடை வேகத்துக்கு வாருங்கள். பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடிப்பார், அடிக்கட்டும். முன்னால் கம்பமோ மதகுச் சுவரோ இருந்தால் நின்றுவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வீட்டுப் படலையைத் தேடுங்கள். எங்கள் ஊரில் ரோட்டோர வீடு எதுவானாலும் வாகனம் ஏறி இறங்க வாசலில் கொங்கிரீட்டோ கல்லோ போட்டு மட்டமாக்கியிருப்பார்கள். கிளை வீதி சந்திக்கும் இடமும் அப்படித்தான். அந்த இடத்தில் மெதுவாக ஏறிவிடலாம்.

பஸ்காரன் பிழைதானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிழைதான். ஆனால் வானை எதிர்ப்பக்கம் பாயவிட்டது என்னுடைய கை. அந்த பஸ்ஸைத் தூரத்தில் கண்டதுமே, நான்கு சில்லும் காப்பட்டில் இருக்கும்போதே, பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்திருக்கலாம். நாற்பதில் கரை இறங்குவது வேறு, எழுபதில் இறங்குவது வேறு.

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதற்காகத்தான். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அப்புறம் கூரையில் ஏசி வைப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். தலையாட்டியதால் கை பழகாது. பயணத்துக்கு முன் ஆளில்லாத ரோட்டொன்றில், நடை வேகத்தில், இடது சில்லுகளை வேண்டுமென்றே இறக்கி ஐந்தாறு தடவை ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் கையில் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, இடப்பக்க முடக்கில் பின் சில்லு முன் சில்லை விட உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன் சில்லு காப்பட்டில் இருக்கிறதே என்று நம்பியிருப்போம், பின்னது இறங்கியிருக்கும். இடது கண்ணாடியைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பின் சில்லு தெரியும்படி வையுங்கள்.

அதிவேக வீதியை விட்டு இறங்கியதும்

கட்டுநாயக்க வரை நூறில் வந்தவருக்கு ஏ3 புத்தளம் வீதியில் எழுபது நடை மாதிரித் தெரியும். சிறிது நேரம் கண்ணை விட்டுவிட்டு மீற்றரைப் பாருங்கள்.

இரவு

வேண்டாம். ஹபரணைக்கு அங்கால் யானை, ஏ9இல் சூடு பிடித்த காப்பட்டில் படுத்துக் கிடக்கும் மாடுகள், கரை எங்கே முடிகிறது என்று காட்டாத இருட்டு. விடியற்காலை நான்கு மணிக்கு வெளிக்கிடுங்கள். கொழும்பு நெரிசலும் இல்லை.

மேப் காட்டும் குறுக்கு வழி

புத்தளத்திலிருந்து மன்னாருக்கு இலவன்குளம் வழியாக ஒரு கோடு தெரியும். தூரம் நன்றாகக் குறைந்த மாதிரி இருக்கும். வில்பத்து வனத்துக்குள்ளால் போகும் அந்த வழியைப் பாவிக்கலாமா என்பதே நீதிமன்றம் வரை போன விடயம். மழைக் காலத்தில் ஆறு குறுக்கே பாயும். அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றி ஏ14இல் போங்கள்.

அலை அலையான கிரவல்

உகந்தை முருகனிடம் போக ஆசைப்படாத வீட்டு வான்காரர் இல்லை. பாணமைக்கு அப்பால் கிரவல்தான். சில்லு போட்ட அலைகளில் வான் இயந்திரத் துப்பாக்கி மாதிரி அதிரும். அதிர்வில் முதலில் போவது அலுமாரி ஆணி, அடுத்தது காஸ் குழாயின் பூட்டு. மெதுவாகப் போங்கள். திரும்பியதும் எல்லா நட்டையும் ஒருமுறை முறுக்குங்கள்.

காஸ்

ஓடும்போது சிலிண்டரை மூடுங்கள். பேச்சே இல்லை.

காயும் நெல்

அறுவடைக் காலத்தில் கிழக்கிலும் வன்னியிலும் ரோட்டின் பாதியில் நெல் காயும். மேலே ஏற்றினால் வழுக்கும். அதை விட, நெல்லுக்கு ஒதுங்கும் லொறி நேராக உங்கள் பக்கம் வரும், நீங்கள் கரைக்குப் போவீர்கள். மேலே சொன்ன கதை மறுபடி தொடங்கும்.

மழையில் மலைநாடு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டு வீதிகள் பல இடங்களில் சரிந்தும் அறுந்தும் போயின. மண் நிரப்பிச் சரிசெய்த இடங்களில் பள்ளத்தாக்குப் பக்கக் கரை இறுகக் காலம் எடுக்கும். காட்சி அழகாக இருக்கிறதென்று அந்தக் கரையில் வானை ஒதுக்கித் தேத்தண்ணீர் போடாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் அங்கே குடியிருப்பவர்களே வெளியேறவேண்டிய நிலை. நான் மஞ்சளுக்கே பயணத்தைத் தள்ளிப்போட்டுவிடுவேன், கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

தம்பி டயரை மாற்றிவிட்டார், நேரத்தையும் நாலு மணி ஆக்கிவிட்டார். தாங்கியை இடம் மாற்ற மட்டும் நேரமில்லையாம், பாரத்தைக் குறைக்கப் பாதித் தண்ணீரோடு போகிறாராம். முழுக்க இறக்கிவிட்டுப் போங்கள், நிலாவெளியில் நிரப்பலாம் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.