உடைந்த ஷேவிங் கிண்ணத்தை ஒட்டும் முறை

சோப்புக் கையோடு எடுத்தபோது நழுவி, என் பீங்கான் ஷேவிங் கிண்ணம் வாஷ்பேசினில் விழுந்தது. மூன்று பெரிய துண்டுகள், விளிம்பிலிருந்து கடுகளவு ஒரு சில்லு. உட்புறம் வளையம் வளையமாக வரம்பு ஓடும் கிண்ணம் அது. பிரஷ்ஷைச் சுழற்றினால் வரம்பில் உரசி அரை நிமிடத்தில் நுரை திரண்டுவிடும். வேறு வாங்க மனசு வரவில்லை.

அன்றைக்கே சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். இரண்டே வாரத்தில், வெந்நீர் ஊற்றியபோது விட்டுக்கொண்டது. இரண்டாவது முறை ஒட்டியது எட்டு மாதமாகத் தினமும் நுரை அடித்தும் நிற்கிறது. அந்த இரண்டாவது முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

பசை

இரண்டு குழாய்களில் ரெசின், ஹார்டனர் என்று தனித்தனியாக வரும் எபாக்சியை வாங்குங்கள். அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். ஒரு மணி நேரமாவது இளக்கமாக இருக்கும் மெதுவான வகைதான் சரி. ஏன் என்பது கீழே புரியும். சூப்பர் க்ளூ இறுகினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தட்டினாலோ, அடிக்கடி வெந்நீர் பட்டாலோ தாங்காது. தினமும் நனையும் பாத்திரத்துக்கு அது ஆகாது.

சுத்தம்

உடைந்த முகத்தைக் கையால் தொடாதீர்கள். ஷேவிங் சோப்பில் கொழுப்பும் கிளிசரினும் உண்டு. பளபளப்புப் பூச்சு இல்லாத உடைந்த முகத்தில் அது ஏறிவிட்டால் பசை பிடிக்காது. வெதுவெதுப்பான நீரில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, கடைசியாக அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. முன்பு போட்ட சூப்பர் க்ளூவும் அசிட்டோனில் ஊறினால் இளகி வந்துவிடும்.

பசை இல்லாமல் ஒத்திகை

நான் முதல் முறை தவறியது இங்கேதான். அடித்துண்டோடு ஒரு பக்கச் சுவரை ஒட்டி, அது இறுகிய பிறகு மூன்றாவதை வைக்கப் போனேன். உள்ளே போகவே இல்லை. இரண்டு துண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளி, வாயில் குறுகியும் உள்ளே அகன்றும் இருந்தது. அழுத்தித் திணித்தேன், இணைப்பில் ஒரு படி விழுந்தது. போதாததற்கு முதல் இணைப்பில் பசையைத் தடிமனாக அப்பியிருந்தேன். காகிதத் தடிமன் விலகினாலே போதும், அது சுற்றி வந்து கடைசித் துண்டில் இரட்டிப்பாகத் தெரியும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். துண்டுகளை வெறுமனே பொருத்திப் பாருங்கள். எது முதலில், எது கடைசியில் என்று எல்லா வரிசையிலும் முயன்று, தடையில்லாமல் உட்காரும் வரிசையைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மாஸ்கிங் டேப் துணுக்கு ஒட்டி எண் எழுதுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தை இணைப்பின் குறுக்கே இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத படிகூட நகத்தில் தட்டும். தட்டினால் நடுவில் துகள் ஏதாவது மாட்டியிருக்கும். எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒட்டுதல்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஹார்டனர் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். குழாய் அட்டையில் சொன்ன விகிதத்தில் நிறம் சீராகும்வரை கலக்குங்கள். பல்குச்சியால், இணைப்பின் ஒரு முகத்தில் மட்டும், ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி மெல்லிய கோடு போடுங்கள். மூன்று துண்டையும் ஒரே அமர்வில் சேர்த்துவிட வேண்டும். மெதுவான பசை கேட்டது இதற்காகத்தான். எல்லாமே இளக்கமாக இருக்கும்போது துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு உட்காரும்.

டேப்பை இணைப்புக்குக் குறுக்காக, இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். மறுபடி நகம். பிறகு ஒரு டப்பாவில் மணல் நிரப்பி, இணைப்பின் மேல் எடை விழாதபடி கிண்ணத்தைச் சாய்த்துப் புதைத்து வையுங்கள். கிளாம்ப் வேண்டாம், வளைந்த பீங்கானில் அது வழுக்கித் துண்டை நகர்த்தும். டேப்பும் மணலும் போதும்.

பிதுங்கிய பசையை உடனே துடைக்காதீர்கள். நகம் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. அந்த ரப்பர் பதத்தில் பழைய ஷேவிங் பிளேடால் சீவினால் நாடாவாக உரிந்து வரும். அப்புறம் 24 மணி நேரம் தொடாதீர்கள். நான் மூன்று நாள் விட்டேன்.

சில்லு போன இடத்துக்கு, எபாக்சியில் சாக்பீஸ் தூள் குழைத்து, கொஞ்சம் மேடாகவே வைத்து, இறுகியதும் நுண்ணிய உப்புத்தாளால் நனைத்துத் தேயுங்கள். சுற்றியுள்ள பளபளப்பில் கீறல் விழாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பயன்படுத்தும்போது

கொதிநீர் கூடாது. சாதாரண எபாக்சி 60 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே இளக ஆரம்பிக்கும். வெதுவெதுப்பான நீரே நுரைக்குப் போதும். பிரஷ்ஷை ஊறவைக்க வேறு குவளை வைத்துக்கொண்டேன்.

பின்சேர்க்கை 1: தங்கக் கோடு போடும் ஜப்பானிய முறை பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அசல் கின்ட்சுகி உருஷி என்னும் மரப்பிசின் அரக்கில் செய்வது. ஈரக்காற்றில்தான் இறுகும், வாரக்கணக்கில் ஆகும், இறுகாத அரக்கு தோலில் பட்டால் தடிப்பு வரும். உடனடிக் கிட் என்று விற்பவற்றில் பெரும்பாலும் எபாக்சியும் மினுக்குத் தூளும்தான்.

பின்சேர்க்கை 2: ஒட்டிய குவளையில் காபி குடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். ஷேவிங் கிண்ணம் வாய்க்குப் போகாது என்பதால்தான் இந்த முறை.

பின்சேர்க்கை 3: பூச்சில்லாத சுட்ட மண் கிண்ணத்தில் செய்த ஒரு வாசகருக்கு இணைப்பைச் சுற்றிக் கறை படிந்துவிட்டது. பிதுங்கியதை ஆல்கஹாலால் துடைத்திருக்கிறார். கரைந்த பசை மண்ணின் நுண்துளைகளில் இறங்கிவிட்டது. அந்த வகைக்குத் துடைப்பே கூடாது, பிளேடு மட்டும்தான். ஒட்டுவதற்கு முன் இணைப்பின் இருபுறமும் ஓரத்தை ஒட்டியே டேப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.