ஆப்பிள் கேக்கின் ஈரம் போன விதம்

என் ஆப்பிள் கேக் மேலே பொன்னிறமாக உப்பி வரும்; வெட்டினால் பழத்தைச் சுற்றி மட்டும் களி மாதிரி ஈரம். ஓவனில் கூடுதல் நேரம் விட்டாலும் ஓரம்தான் காய்ந்தது. சிக்கல் ஆப்பிள் விடும் தண்ணீரில். இப்போது கேக்குக்கு அளந்த சர்க்கரையிலேயே இரண்டு ஸ்பூன் எடுத்து, நறுக்கிய துண்டுகளில் பிசிறி, அரை மணி நேரம் வடிகட்டியில் வைத்துவிடுகிறேன். இறங்கும் சாற்றைக் கொட்ட மனம் வராது. பட்டைத்தூள் போட்டு, கரண்டியில் ஒட்டும் பதத்துக்குச் சுண்டவைத்து, வெந்த கேக் மேல் தடவுவேன். அப்புறம் துண்டுகளைத் துணியால் ஒற்றி, கொஞ்சம் மைதாவில் புரட்டி மாவில் சேர்ப்பது. சூடு 175 டிகிரி செல்சியஸ். வெந்ததா என்று பார்க்கும் குச்சி ஆப்பிளில் பட்டால் ஈரமாகத்தான் வரும். இரண்டு துண்டுக்கு நடுவே குத்துங்கள். பழம் கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் போலப் புளிப்பாக, கெட்டியாக இருந்தால் நல்லது.