ஜப்பானியச் சிப்பாயின் பதிவுப் புத்தகத்தைப் படிப்பது எப்படி?

நம்மூர் அரசு ஊழியருக்கு எஸ்.ஆர். என்கிற பணிப் பதிவேட்டுப் புத்தகம் இருப்பதுபோல, இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை ஜப்பானியத் தரைப்படைச் சிப்பாய்க்கு ‘குன்தாய் தெச்சோ’ இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சின்னப் புத்தகம். ஊர் திரும்பியவர்கள் அதை ‘ஹோகோபுகுரோ’ என்கிற சுருக்குப் பையில் போட்டு வைப்பார்கள். மறுபடி அழைப்பு வந்தால் என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்ற பட்டியல் பையிலேயே அச்சாகியிருக்கும்; இந்தப் புத்தகம் அதில் உண்டு.

இப்படி நான் வாங்கிய முதல் பதிவுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எழுத்தெழுத்தாக மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். இரண்டு வாரம் போனபிறகுதான் தெரிந்தது, அது 1882 ஜனவரி 4 அன்று மெய்ஜி பேரரசர் படையினருக்கு விடுத்த அருளாணை என்று. ‘கடமை மலையைவிடக் கனமானது, சாவு இறகைவிட லேசானது’ என்ற வரி அதில்தான் வருகிறது. ஏற்கெனவே பலமுறை மொழிபெயர்க்கப்பட்ட வாசகம். அச்சடித்தது ஊருக்கெல்லாம் பொது; கையால் எழுதிய சில பக்கங்களில்தான் ஆள் இருக்கிறார்.

1. வாங்கும் முன்

விற்பவர்கள் அட்டையைத்தான் அழகாகப் படம் எடுத்துப் போடுவார்கள். ‘ரிரெகி’ என்ற பணி வரலாற்றுப் பக்கங்களின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அவை கிழிக்கப்பட்டிருந்தாலோ காலியாக இருந்தாலோ விட்டுவிடுங்கள், படிக்க ஒன்றும் இருக்காது.

2. வந்ததும்

எல்லாப் பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டு, புத்தகத்தை மூடி வையுங்கள். இனி வேலையெல்லாம் படத்தில்தான். ஈரத் துணியால் துடைக்காதீர்கள், மையும் சிவப்பு முத்திரைகளும் கரையலாம். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். இராமபாணப் பூச்சி வராத, ஈரமில்லாத இடம் போதும்.

3. தேதியில் தொடங்குங்கள்

எழுத்து மேலிருந்து கீழே ஓடும். வரிசைகள் வலமிருந்து இடம். ஒவ்வொரு பதிவும் பெரும்பாலும் தேதியோடுதான் தொடங்கும். எண்கள் சுலபம்: ஒரு கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு, மூன்று கோடு மூன்று, கூட்டல் குறி பத்து. ஆண்டு, பேரரசரின் ஆட்சிக் கணக்கில் இருக்கும். மெய்ஜி ஆண்டோடு 1867, தைஷோ ஆண்டோடு 1911, ஷோவா ஆண்டோடு 1925 கூட்டுங்கள். ஷோவா 12 என்றால் 1937.

இங்கேயே ஒரு சரிபார்ப்பு. பிறந்த ஆண்டு தைஷோ 5 என்றால் 1916. கட்டாயப் படைச் சேர்ப்புத் தேர்வு இருபது வயதில், அதாவது 1936. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் படையில் சேர்ந்ததாக வந்தால் கணக்கு பொருந்துகிறது. ஐந்தாறு வருடம் உதைத்தால் ஏதோ ஓர் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

4. வாக்கியம் நம் வாக்கியம்தான்

இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஜப்பானிய வாக்கியத்தில் வினை கடைசியில் வரும்; வேற்றுமை உருபுபோல ஒட்டு பெயருக்குப் பின்னால் வரும். ‘நி’ என்றால் பெரும்பாலும் -இல் அல்லது -க்கு, ‘ஓ’ என்றால் -ஐ, ‘நோ’ என்றால் -உடைய, ‘தோஷிதே’ என்றால் -ஆக. ‘கென்எகிஹேய் தோஷிதே ஹோஹேய் தாய் ஜூஇச்சி ரென்தாய் நி ந்யூஎய்’ என்ற பதிவைப் பாருங்கள்: ‘பணிக்காலச் சிப்பாயாகக் காலாட்படை 11ஆம் ரெஜிமென்டில் சேர்ந்தார்’. சொல் வரிசையைத் தொடவே வேண்டாம். ஆங்கிலம் வழியாகப் போனால் புரட்டிப் போட்டுத் திரும்பவும் புரட்ட வேண்டும். இந்த ஒட்டுகள் கதகனா என்ற ஜப்பானிய ஒலி எழுத்தில் இருக்கும். அடிப்படை எழுத்துகள் 46தான், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

5. திரும்பத் திரும்ப வரும் சொற்கள்

ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஷோஷு: மறு அழைப்பு. ஷுப்பான்: கப்பல் புறப்பாடு. ஜோரிகு: கரையிறங்குதல். ஜோதாய்: படையிலிருந்து விடுவிப்பு. பதவிகளில் நிதோஹேய் கடைநிலைச் சிப்பாய், குன்சோ சார்ஜென்ட். உயரம் ஷாகு கணக்கில் இருந்தால் ஒரு ஷாகு சுமார் 30.3 செ.மீ.

கூகுள் லென்ஸ் உதவும். ஆனால் முழுப் பக்கத்தைக் காட்டினால் வரிசைகளைக் கலந்துவிடும். ஒரு வரிசையை மட்டும் வெட்டிக் கொடுங்கள். எழுத்துகள் போருக்கு முந்திய பழைய வடிவத்தில் இருப்பதால் அது சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது.

6. ஊர்ப் பெயர்கள்

ஊஜினா என்று வந்தால் ஹிரோஷிமாவின் துறைமுகம். எத்தனையோ படைகள் கப்பல் ஏறிய இடம். ‘ஷோனான்’ என்றால் ஜப்பானியர் பிடித்தபின் சிங்கப்பூருக்கு வைத்த பெயர். ‘தாய்மென்’ என்றால் தாய்லாந்து–பர்மா ரயில் பாதை; மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் மடிந்த அதே பாதை. அந்தச் சொல்லை ஒரு பதிவில் பார்த்த அன்று நான் மேற்கொண்டு படிக்கவில்லை. படைப்பிரிவு எங்கே போனது என்று தேட, டோக்கியோவின் ஆசிய வரலாற்று ஆவண மையம் ஆவணங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

7. வெளியிடும்போது

‘ஹொன்செகி’ என்பது குடும்பப் பதிவு முகவரி. பேரன் பேத்திகள் இன்றும் அங்கேயே இருக்கலாம், அதனால் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டுப் படம் போடுங்கள். தரைப்படையினரின் பணி ஆவணங்கள் அந்தந்த மாகாண அரசிடம் இருக்கின்றன. குடும்பத்தினர் விண்ணப்பித்துப் பெறலாம், நாம் முடியாது.

அப்புறம், கடைசிப் பதிவுக்குக் கீழே வெறும் கோடுகள் மட்டும் இருந்தால், ‘போரில் இறந்தார்’ என்று எழுதிவிடாதீர்கள். எழுதுகிறவர் அன்றோடு நிறுத்தியிருக்கலாம். ‘பதிவு இங்கே நிற்கிறது’ என்று மட்டும் எழுதுங்கள்.