சொந்தமாகக் கட்டிய அதிவேகப் படகு: சோதனை ஓட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளைவுட் அறுத்து, எபாக்சி பூசி, தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து, ஒருவழியாகப் படகு தண்ணீரில் இறங்குகிறது. கரையில் நிற்பவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: எவ்வளவு வேகம் போகும்? கட்டியவர் மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். முதல் நாளே அதற்கு விடை தேடிப் போவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி அந்த அவசரத்திலிருந்து முளைப்பவை.

நீர்வேக உலக சாதனையே வீட்டில் கட்டிய ஒரு படகிடம்தான் இருக்கிறது. கென் வார்பி சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா' அது. 1977 நவம்பரில் மணிக்கு 464 கி.மீ. போய் சாதனை படைத்தது. 1978 அக்டோபர் 8 அன்று ப்ளோவரிங் அணையில் 511 கி.மீ. போனது. அதை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. சாதனை கையில் வந்த பிறகும், அடுத்த 47 கி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருக்கிறது. நம் படகுகள் ஓடும் 80, 100 கி.மீ.க்கும் இதே பொறுமை வேண்டும்.

முதல் நாள் வேகம் பற்றியது அல்ல. படகைக் கரையோரம் கட்டிப் போட்டு, உள்ளே எங்காவது ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். கேபிளோ பெட்ரோல் குழாயோ எங்கும் இழுபடக் கூடாது. என்ஜினிலிருந்து குளிர்விப்புத் தண்ணீர் பீச்சுகிறதா, கில் சுவிட்ச் கயிற்றை இழுத்தால் உடனே அணைகிறதா என்று சோதியுங்கள். பிறகு மெதுவான ஓட்டம், அப்புறம் படகு தண்ணீரின் மேலே எழுந்து ஓடத் தொடங்கும் வேகம். அதோடு போதும். லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டு, கில் சுவிட்ச் கயிற்றை உடம்போடு மாட்டிக்கொண்டுதான் இதெல்லாம். பக்கத்தில் ஆளோடு இன்னொரு படகு நிற்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனம் வராது: துணைப் படகு வரவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் இல்லை.

அடிப்பாகத்தை விட்டுவிட்டு என்ஜினைத் திட்டுவது

படகின் முன்பகுதியான அணியம் எழும்பி எழும்பி விழுகிறது. அல்லது எவ்வளவு டிரிம் செய்தாலும், அதாவது என்ஜினின் சாய்வை எவ்வளவு மாற்றினாலும், எழும்பவே மாட்டேன் என்கிறது, வேகமும் ஏறவில்லை. உடனே புரொப்பெல்லரை மாற்றலாமா, பெரிய என்ஜின் போடலாமா என்று பேச்சு ஆரம்பிக்கும். வீட்டில் கட்டிய படகு என்றால் முதலில் குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள்.

நேராக இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு அலுமினியப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் மாட்டும் பின்பலகையிலிருந்து முன்னோக்கி ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு அதை அடிப்பாகத்தில் ஒட்டிப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். பட்டையின் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடிப்பாகம் அங்கே உள்வாங்கியிருக்கிறது. ஓடும்போது அந்தக் குழிவு படகின் பின்பக்கத்தைத் தூக்கி அணியத்தைக் கீழே அழுத்தும். தண்ணீரில் உரசும் பரப்பு கூடுவதால் வேகம் போய்விடும். இரு முனைகளிலும் வெளிச்சம் தெரிந்து நடுவில் மட்டும் பட்டை ஒட்டினால், அடிப்பாகம் வெளியே புடைத்திருக்கிறது. அந்த வளைவில் ஓடும் தண்ணீர் பின்பக்கத்தைக் கீழே உறிஞ்சும், அணியம் மேலே போகும், பிறகு விழும், மறுபடி எழும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றாலும் அதிவேகத்தில் வித்தியாசம் தெரியும். எபாக்சிக் கலவையால் குழிவை நிரப்பி, புடைப்பைத் தேய்த்து, பட்டை சீராக ஒட்டும்வரை வேலை பாருங்கள்.

சரியாகக் கட்டிய படகிலும் பிறகு குழிவு வரலாம். டிரெய்லரின் தாங்குகட்டைகள் பின்பலகைவரை எட்டாமல் பாதியில் நின்றால், என்ஜினின் எடை முழுவதும் தாங்கல் இல்லாத இடத்தில் தொங்கும். சில மாதங்களில் அடிப்பாகமே வளைந்துவிடும்.

இன்னொன்று, விளிம்புகள். ஃபைபர் துணி கூர்மையான மூலையில் மடங்கி உட்காராது என்பதால், கட்டும்போது எல்லா விளிம்பையும் உருட்டி விடுவோம். பின்பலகையின் அடிவிளிம்பும், அடிப்பாகமும் பக்கமும் சேரும் சைன் விளிம்பும் அப்படியே உருண்டையாக இருந்தால் தண்ணீர் சட்டென்று பிரியாமல் சுற்றி ஏறி ஒட்டிக்கொள்ளும். துணி ஒட்டிய பிறகு, கெட்டியாக்கிய எபாக்சியை அந்த விளிம்பில் வைத்துக் கூர்மையாக்க வேண்டும். பாதிப் பேர் பெயிண்டின் பளபளப்பில் காட்டும் அக்கறையை இங்கே காட்டுவதில்லை. வேகம் இருப்பதோ இங்கேதான்.

அணியம் குதிப்பதற்கு எடையும் காரணமாகலாம். டேங்க், பேட்டரி, ஓட்டுபவர் எல்லாம் பின்னால் குவிந்தால் அடிப்பாகம் எவ்வளவு நேராக இருந்தும் குதிக்கும். 60 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 45 கிலோ. டேங்க் நிரம்பியபோது ஒரு படகு, காலியானபோது வேறொரு படகு என்றுதான் அது நடந்துகொள்ளும். இரண்டு நிலையிலும் ஓட்டிப் பாருங்கள். படகுக்குள் தேங்கிய தண்ணீர் இன்னும் மோசம், ஏனென்றால் அணியம் எழும்பும் அந்த நொடியிலேயே அது பின்னால் ஓடும்.

கணக்குப் போடாமல் புரொப்பெல்லர் வாங்குவது

பிட்ச் என்பது புரொப்பெல்லர் ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேற வேண்டிய தூரம். அது கூடினால் வேகம் கூடும் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். என்ஜினுக்கு அதைச் சுற்ற பலம் இருந்தால்தான் அது உண்மை. பொதுவாக ஒரு அங்குலம் பிட்ச் ஏற்றினால் 150 முதல் 200 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை) குறையும். முழு த்ராட்டிலில் இத்தனை ஆர்.பி.எம். எட்ட வேண்டும் என்று ஒவ்வொரு என்ஜினுக்கும் தயாரிப்பாளர் ஒரு எல்லை கொடுத்திருப்பார். அதன் கீழ் எல்லையைக்கூட எட்டாமல் திணறும் என்ஜினைத் தொடர்ந்து ஓட்டினால் உள்ளே தட்டல் வந்து பிஸ்டன் போகும். மேல் எல்லையைத் தாண்டிச் சுற்றினாலும் ஆபத்துதான்.

வாங்குவதற்கு முன் நழுவலை, அதாவது கணக்குப்படி வர வேண்டிய வேகத்தில் எத்தனை சதவீதம் குறைகிறது என்பதை, கணக்கிடுங்கள். என்ஜின் 5,800 ஆர்.பி.எம்., கியர் விகிதம் 2:1, பிட்ச் 21 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,900 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 53.3 செ.மீ. முன்னேறினால் மணிக்குச் சுமார் 93 கி.மீ. வர வேண்டும். ஜி.பி.எஸ். 81 காட்டினால் நழுவல் 13 சதவீதம். நன்றாக ஓடும் சாதாரணப் படகில் இது இயல்பு. அதுவே 65 தான் காட்டுகிறது என்றால் நழுவல் 30 சதவீதம். அப்போது பிட்ச் ஏற்றி எந்தப் பயனும் இல்லை. புரொப்பெல்லர் மேற்பரப்பிலிருந்து காற்றை இழுக்கிறது, அல்லது இதழ் வளைந்திருக்கிறது, அல்லது அடிப்பாகம் தண்ணீரை விட மறுக்கிறது. முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

என்ஜினின் உயரமும் இதோடு சேர்ந்தது. உயர்த்த உயர்த்தத் தண்ணீருக்குள் இழுபடும் பகுதி குறைந்து வேகம் கூடும். ஆனால் குளிர்விப்புத் தண்ணீர் உள்ளே போகும் துளைகளும் மேலே வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் 6 மி.மீ.க்கு மேல் உயர்த்தாதீர்கள். தண்ணீர் அழுத்த மீட்டர் பொருத்தாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். வெளியே பீச்சும் தண்ணீரை 90 கி.மீ. வேகத்தில் யாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அழுத்தம் சரியத் தொடங்கினால் ஒரு படி இறக்குங்கள்.

டூ-ஸ்ட்ரோக் என்ஜின் என்றால் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) விஷயத்தில் பெட்ரோல் தாராளமாகப் போகும் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். ஸ்பார்க் பிளக்கைப் பார்க்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது. ஐடிலில் கரைவரை ஓட்டி வந்து கழற்றினால் அது ஐடிலின் நிறத்தைத்தான் காட்டும். நேர் ஓட்டத்தில் த்ராட்டிலை இறக்கியதும் என்ஜினை அணைத்து, அங்கேயே கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளுத்து, மேலே மிளகுப்பொடி தூவியதுபோல் சின்னப் புள்ளிகள் இருந்தால், உள்ளே தட்டல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் அன்று ஓட்டாதீர்கள்.

படகு ஆடும்போது அதோடு மல்லுக்கட்டுவது

ஆழமான வி-வடிவ அடிப்பாகம் உள்ள படகு வேகம் கூடும்போது தண்ணீரை விட்டு எழுந்து, கடைசியில் நடுவில் ஒரு குறுகிய பட்டையின் மேல் மட்டும் நின்று ஓடும். அப்போது இடதும் வலதுமாக ஆடத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். ஓட்டுபவர் பதறி ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புவார். கை திரும்பும்போது படகு ஏற்கெனவே மறுபக்கம் சாய்ந்திருக்கும். திருத்தமே அடுத்த ஆட்டத்துக்குத் தள்ளுவிசையாகிவிடும்.

ஸ்டியரிங்கில் தளர்வு இருந்தால் இது பல மடங்காகும். அதிவேகப் படகில் ஒற்றைக் கேபிள் ஸ்டியரிங் கூடாது. இரட்டைக் கேபிளோ ஹைட்ராலிக்கோ போட வேண்டும். எடை பக்கவாட்டில் சமமா என்றும் பாருங்கள். வலப்பக்கம் சுற்றும் புரொப்பெல்லர் படகை இடப்பக்கமாகச் சாய்க்கும், அதனால் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருவது உதவும். ஆட்டம் வந்துவிட்டால் த்ராட்டிலைச் சிறிது சிறிதாக இறக்குங்கள். பட்டென்று விடக் கூடாது, பயத்தில் டிரிம்மை ஒரேயடியாக உள்ளே இழுக்கவும் கூடாது. அந்த வேகத்தில் அணியம் தண்ணீரில் குத்தினால் படகு அங்கேயே சுழன்று ஓட்டுபவரைத் தூக்கி எறியும். ஆட்டம் தொடங்கும் வேகம் எது என்று தெரிந்துகொண்டு, அதற்குச் சற்றுக் கீழே பல முறை ஓடிக் கை பழகிய பிறகுதான் மேலே போக வேண்டும்.

இரண்டு பக்கத்தில் மிதவையும் நடுவில் காற்றுப் பாதையும் கொண்ட டன்னல் படகில் ஆபத்து வேறு. அங்கே காற்றே படகைத் தூக்குகிறது. அணியம் ஓரளவுக்கு மேல் எழுந்துவிட்டால் காற்று அதைப் பின்னோக்கிப் புரட்டிப் போட்டுவிடும், திருத்த நேரமே கிடைக்காது. எதிர்காற்று திடீரென்று வீசினாலும், ஓர் அலை தட்டினாலும் அது நடக்கும். இப்படிப்பட்ட படகில் டிரிம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில், நீர்வேக சாதனை முயற்சியில் இறங்கிய டொனால்ட் கேம்ப்பெல் தன் 'ப்ளூபேர்ட் கே7' படகில் மணிக்கு 479 கி.மீ. வேகத்தில் ஒரு பக்க ஓட்டத்தை முடித்தார். எரிபொருள் நிரப்ப நிற்காமல் சீக்கிரமே திரும்பி ஓடினார். 500 கி.மீ.யைத் தாண்டிய வேகத்தில் படகு எழுந்து புரண்டு உடைந்தது, அவர் இறந்துபோனார். விபத்துக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. நம் ஓட்டத்துக்கு வேண்டியது ஒன்று: போன வழியிலேயே திரும்புவதற்கு முன், நம் படகு எழுப்பிய அலை கரையில் மோதித் திரும்பி வந்து முழுதும் அடங்கும்வரை நில்லுங்கள்.

திரும்பி ஓடித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஒரு பக்க வேகத்தை வேகம் என்று எழுதக் கூடாது. காற்றும் நீரோட்டமும் ஒரு பக்கம் கொடுப்பதை மறுபக்கம் பிடுங்கும். உலக சாதனைக்கே ஒரு மணி நேரத்துக்குள் எதிரெதிர் திசையில் இரண்டு ஓட்டம் ஓடி, சராசரி எடுப்பதுதான் விதி. அளவுக்கு ஜி.பி.எஸ். மட்டும் போதும், தண்ணீர் அழுத்தத்தை வைத்து வேகம் காட்டும் பழைய மீட்டர்களை நம்ப வேண்டாம். கண்ணாடிபோல் அசையாத தண்ணீர்தான் நல்லது என்றும் நினைக்காதீர்கள். லேசான சிற்றலை இருந்தால் அடிப்பாகத்துக்குக் கீழே காற்று புகுந்து படகு இன்னும் எளிதாக விடுபடும்.

நோட்டில் என்னென்ன எழுதுவது? பிட்ச், என்ஜின் உயரம், டிரிம், ஆர்.பி.எம்., இரு திசை வேகம், பெட்ரோல் அளவு, காற்று, படகில் எத்தனை பேர். ஓட்டத்துக்கு ஓட்டம் இதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உயரத்தையும் புரொப்பெல்லரையும் ஒன்றாக மாற்றி 4 கி.மீ. கூடினால், எது கொடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்று 7 கூட்டி மற்றது 3 குறைத்திருக்கவும் கூடும்.

ஒவ்வொரு ஓட்டமும் முடிந்து படகு டிரெய்லரில் ஏறியதும் முதலில் வடிகால் மூடியைத் திறந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். அப்புறம் என்ஜின் போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்; புதுப் பின்பலகையில் மரம் அமுங்கி அவை தளர்வது சகஜம். பின்பலகையும் பக்கங்களும் சேரும் மூலைகளில் நகத்தை ஓட்டுங்கள். பெயிண்டில் மயிரிழை விரிசல் தட்டுப்பட்டால் அந்த இடத்தைத் தேய்த்துத் திறந்து, விரிசல் பெயிண்டில் மட்டுமா, ஃபைபர்வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் விட்டிருந்தால் அதைப் பிரித்துக் கட்டி எபாக்சி முழுதாக இறுகும்வரை படகு தண்ணீரில் இறங்கக் கூடாது.